சில்லறைப் பெட்டி: நாணயங்களை வைத்து வீட்டிலேயே கணக்குப் பழக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிள்ளைக்குச் சில்லறை பழக்க உட்காரும் வீடுகளில் முதல் நாள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகிறது. பர்ஸைக் கவிழ்த்து, விழுந்ததையெல்லாம் பாயில் பரப்பி, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி "இது எவ்வளவு? இது எவ்வளவு?" என்று கேட்கிறோம். ஐந்து நிமிடத்தில் பிள்ளை குழம்பி எழுந்து போய்விடுகிறது. என் மகளிடம் நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிறகு சனிக்கிழமைகளில் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைத் திண்ணையில் உட்காரவைத்துப் பழக்கியபோதுதான், எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்றே என்று தெரிந்தது.

"எத்தனை நாணயம்?" என்பது ஒரு கேள்வி. "எத்தனை ரூபாய்?" என்பது வேறு கேள்வி. நமக்கு இரண்டும் ஒரே மூச்சில் வந்துவிடும். ஐந்து வயதுப் பிள்ளைக்கோ, கையில் இருக்கும் ஒரே ஒரு வில்லை எப்படி ஐந்தாக முடியும் என்பது பெரிய புதிர். கீழே உள்ள படிகளின் வரிசை அந்த முடிச்சை அவிழ்ப்பதற்காகவே அமைந்தது. ஒரு படியில் கூடுதலாக இரண்டு வாரம் தங்கலாம். தாண்டிக் குதிக்க வேண்டாம்.

நாலு வயது முடிந்த பிள்ளையிலிருந்து பத்து வயது வரை இதைப் பயன்படுத்தலாம். ஏழு வயதுக்கு மேல் தொடங்கினாலும் 4, 5ஆம் படிகளை ஒரு நாளாவது செய்துவிட்டு மேலே போங்கள்.

1. முதலில் பாதுகாப்பு

வீட்டில் நாலு வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால், அது தூங்கும் நேரத்தில் மட்டும் பெட்டியைத் திறக்க வேண்டும். மூத்தது கணக்குப் போடும்போது இளையது ஒன்றை வாயில் போட்டுக்கொள்வது கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும்.

விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வாழைப்பழம், சோற்று உருண்டை என்று கொடுத்து உள்ளே தள்ளப் பார்ப்பது நம் வீடுகளில் வழக்கம், அதுவும் கூடாது. பிள்ளை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். மூச்சுத் திணறினால் உடனே 108.

நாணயத்தைவிட அபாயமான ஒன்று அதன் உருவத்திலேயே வீட்டுக்குள் இருக்கிறது: பட்டன் பேட்டரி. கார் சாவியிலும் எடை பார்க்கும் மெஷினிலும் இருக்கும் சிஆர் 2032 பேட்டரியின் அகலம் 20 மி.மீ. இப்போது வரும் 1 ரூபாய் நாணயமும் 20 மி.மீ. தான். பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கத் தொடங்கிவிடும். பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே வேறு எதுவும் கலந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முடிந்ததும் எண்ணி மூடுங்கள்.

2. பெட்டியில் போட வேண்டியவை

மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா ஒன்று போதும். உள்ளே 1 ரூபாய் 30, 2 ரூபாய் 10, 5 ரூபாய் 10, 10 ரூபாய் 6, 20 ரூபாய் 2. மொத்தம் 58 நாணயம், 200 ரூபாய். மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டில் "58 நாணயம், 200 ரூபாய்" என்று எழுதி ஒட்டுங்கள். அந்தச் சீட்டு கடைசிப் படியில் வேலைக்கு வரும்.

ஒரே நாளில் 30 ஒரு ரூபாய் கிடைப்பது அரிது. வங்கிக் கிளையில் நோட்டைக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு வாரம் காய்கறிக் கடையிலும் பஸ்ஸிலும் வரும் மீதியைச் சேர்த்துவையுங்கள்.

எந்த நாணயம் என்பதும் முக்கியம். நம் புழக்கத்தில் பல தொடர்கள் கலந்து கிடக்கின்றன. 2011 தொடரில் 2 ரூபாய் 25 மி.மீ., 5 ரூபாய் 23 மி.மீ. அதாவது குறைந்த மதிப்புக்குப் பெரிய வில்லை. பிள்ளை பெரியதைத்தான் எடுக்கும். அது பிள்ளையின் தவறல்ல. பழைய எஃகு 1 ரூபாயும் 2011 தொடரின் 2 ரூபாயும் அகலத்தில் ஒன்றே. பெரியவர்களே தடவிப் பார்த்து ஏமாறும் ஜோடி அது.

2019இல் அறிவித்த தொடரில் இந்தக் குழப்பம் குறைவு: 1 ரூபாய் 20, 2 ரூபாய் 23, 5 ரூபாய் 25, 10 ரூபாய் 27 மி.மீ. மதிப்பு ஏற ஏற அகலமும் ஏறுகிறது. 20 ரூபாயும் 27 மி.மீ. தான், ஆனால் பன்னிரண்டு பக்கம் இருப்பதால் தனியாகத் தெரியும். ஆகவே 2020க்குப் பிந்தைய ஆண்டு பொறித்தவையாகப் பார்த்து, அளவுகோல் வைத்து அளந்து பெட்டியில் போடுங்கள். எல்லாம் அப்படிக் கிடைக்காவிட்டாலும் 2 ரூபாயும் 5 ரூபாயும் மட்டுமாவது அப்படி இருக்கட்டும். மற்ற தொடர்களை ஒரு தனி உறையில் எடுத்துவையுங்கள். பிள்ளை தேறிய பிறகு கலந்து கொடுக்கலாம்.

பாட்டியின் தகர டப்பாவில் பழைய பைசாக்கள் இருந்தால் அதுவும் ஒரு தனி உறை. 25 பைசாவும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. ஆனால் மூலை மழுங்கிய சதுரமான 5 பைசா, ஓரம் அலையலையான 10 பைசா, ஆறு பக்கமுள்ள 20 பைசா இவற்றைவிட நல்ல வடிவப் பாடம் வேறு கிடைக்காது. "நாலணா", "எட்டணா" என்று பாட்டியே சொல்லித்தரட்டும்.

பிளாஸ்டிக் காசு வாங்காதீர்கள். அதற்குக் கனமும் இல்லை, ஓசையும் இல்லை. அதைக் கொண்டு எதையும் வாங்கவும் முடியாது என்பது பிள்ளைக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிடும்.

3. கழுவுதல்

முதல் வேலையே பிள்ளையோடு சேர்ந்து கழுவுவது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துணியில் பரப்பி உலர்த்துங்கள். எத்தனையோ கை பட்டு வந்த பொருள் என்பது ஒரு காரணம். தேய்க்கும்போது பிள்ளை இரண்டு பக்கமும் உற்றுப் பார்க்கும் என்பது இன்னொன்று. பழைய பைசாக்களைத் தேய்க்க வேண்டாம். சேகரிப்பவர்கள் தேய்த்த நாணயத்தை விரும்ப மாட்டார்கள்.

4. பிரித்து அடுக்குதல்

பல்லாங்குழிப் பலகை இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் பணியாரச் சட்டி, இட்லித் தட்டு எதுவானாலும் சரி. எல்லாவற்றையும் நடுவில் கொட்டி, "ஒரே மாதிரி இருப்பதை ஒரே குழியில் போடு" என்று மட்டும் சொல்லுங்கள். மதிப்பைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.

பிள்ளை நிறத்தை வைத்துப் பிரிக்கலாம், அளவை வைத்துப் பிரிக்கலாம். ஒரு பையன் ஓசையை வைத்துப் பிரித்தான்: தரையில் போட்டுக் கேட்டு, "இது டிங், இது டக்" என்றான். எல்லாமே சரி. "ஏன் இதை இங்கே போட்டாய்?" என்று கேளுங்கள். அந்தக் காரணத்தைச் சொல்லத் தெரிவதுதான் இங்கே பாடம். பிறகு "வேறு மாதிரி பிரிக்க முடியுமா?" என்று மறுபடி கொட்டுங்கள்.

அடுத்த நாள் நாணயத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து அச்சு எடுக்கச் செய்யுங்கள். தாள் நழுவினால் உருவம் இரட்டையாக விழும். நாணயத்தின் அடியில் சிறிது சப்பாத்தி மாவை ஒட்டிவைத்தால் நகராது. சிங்க முகமும், எண்ணும், ₹ குறியும், ஆண்டும் தாளில் எழும்பி வரும்போது பிள்ளை அவற்றைத் தானே கண்டுபிடித்ததுபோல் மகிழும். ஆண்டுக்குக் கீழே பாருங்கள், நாணயம் எந்த ஊரில் அச்சானது என்று தெரியும்: வைரக் குறி இருந்தால் மும்பை, ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா, எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. எட்டு வயதுப் பிள்ளைகள் இதில் மூழ்கிவிடுவார்கள்.

கடைசியாக, கண்ணை மூடித் தடவிச் சொல்வது. விளிம்பில் பக்கங்கள் தட்டுப்படுவதால் 20 ரூபாயை முதலில் பிடித்துவிடுவார்கள்.

5. ஒரு ரூபாயை மட்டும் எண்ணுதல்

மற்ற எல்லாவற்றையும் டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள். பாயில் 1 ரூபாய் மட்டும். இந்த ஒரு கட்டத்தில்தான் நாணயமும் ரூபாயும் ஒரே எண்ணாக இருக்கும். அதனால் நிம்மதியாக எண்ணிப் பழகலாம்.

எண்ணும்போது விரலால் தொட்டால் போதாது. இடப்பக்கமிருந்து வலப்பக்கம் தள்ள வேண்டும். தொட்டு மட்டும் எண்ணும் பிள்ளை ஒன்றை இரண்டு முறை எண்ணும், ஒன்றை விட்டுவிடும். தள்ளினால் எண்ணியது, எண்ணாதது என்று தனித்தனிக் குவியலாகப் பிரிந்துவிடும்.

ஏழு வரை எண்ணி முடித்ததும் "எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். திருத்த வேண்டாம். நீங்கள் எண்ணி முடிக்கும்போது கையால் வட்டமிட்டு "மொத்தம் ஏழு" என்று சொல்லிக் காட்டிக்கொண்டே இருங்கள்.

பல்லாங்குழியில் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவது இந்தப் படிக்கு அருமையான பயிற்சி. ஒரு குழி, ஒரு நாணயம், ஒரு எண்.

மேலே போகலாமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே பிள்ளைகளிடம் செய்து பார்த்த வகை அது. ஆறு நாணயம் ஒரு வரிசை, அதற்கு நேர் எதிரே இன்னொரு ஆறு. இரண்டிலும் ஒரே எண்ணிக்கை என்று பிள்ளை ஒப்புக்கொண்ட பிறகு, பிள்ளை பார்க்கும்போதே ஒரு வரிசையை இடைவெளி விட்டு நீட்டிவையுங்கள். "இப்போ எதில் அதிகம்?" ஆறேழு வயது வரை பல பிள்ளைகள் நீண்ட வரிசையைக் காட்டுவார்கள். எடுத்துச் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த நாளும் அதையேதான் காட்டுவார்கள். அதட்ட வேண்டாம். இன்னும் சில வாரம் இந்தப் படியிலேயே விளையாடுங்கள். "எடுக்கவும் இல்லை, போடவும் இல்லை, அதே ஆறுதான்" என்று பிள்ளையே சொல்லும் நாளில் அடுத்த படி.

6. மாற்றுதல்: ஒன்று எப்படி ஐந்தாகிறது

இந்தப் படிக்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும்.

தொடங்கும் முன் உங்கள் பேச்சைத் திருத்திக்கொள்ளுங்கள். நம் வாயில் "காசு" என்ற சொல் வில்லையையும் குறிக்கும், பணத்தையும் குறிக்கும். "எவ்வளவு காசு வெச்சிருக்கே?" என்று கேட்டால் பிள்ளை எதை எண்ணும்? மூன்று வில்லை இருந்தால் மூன்று என்று சொல்லும். அது சரியான பதில்தானே! ஆகவே இந்த விளையாட்டு முடியும்வரை "காசு" வேண்டாம். வில்லையைச் சொல்ல "நாணயம்", மதிப்பைச் சொல்ல "ரூபாய்". இந்த ஒரு மாற்றத்துக்கே பாதிக் குழப்பம் அடங்கியதைத் திண்ணையில் பார்த்திருக்கிறேன்.

முதலில் கொண்டுவர வேண்டியது 5 ரூபாய். 2 ரூபாய் அல்ல. 2 ரூபாய் நிறத்தில் 1 ரூபாயைப் போலவே இருப்பதால் பிள்ளை கலந்துவிடும். 5 ரூபாய் பித்தளை நிறம், கையில் ஐந்து விரல், மனதில் நிற்கும்.

விளையாட்டு இதுதான். ஒருவர் வங்கி. லூடோ பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு 1 ரூபாய்களை வங்கியிடம் வாங்க வேண்டும். கையில் ஐந்து சேர்ந்ததும், ஐந்தையும் பாயில் வரிசையாக வைத்து, எண்ணி, வங்கியிடம் கொடுத்து ஒரு 5 ரூபாய் வாங்கிக்கொள்ள வேண்டும். முதலில் 20 ரூபாய் சேர்ப்பவர் வென்றவர்.

"இது ஐந்து" என்று நூறு முறை சொல்வதைவிட, ஐந்தைக் கொடுத்து ஒன்றை வாங்கும் அந்தக் கைமாற்றம் பிள்ளைக்கு விளங்கும். முதல் தடவை பல பிள்ளைகள் கொடுக்க மறுப்பார்கள். ஐந்தைக் கொடுத்து ஒன்றை வாங்குவது நட்டம் என்று நினைக்கிறார்கள். கட்டாயப்படுத்தாமல், வாங்கிய 5 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி ஐந்து நாணயம் வரும் என்று செய்து காட்டுங்கள். போவதும் வருவதும் சரியாக இருக்கிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும்.

நாலைந்து நாள் ஆன பிறகு இப்படிக் கேளுங்கள். ஒரு பக்கம் மூன்று 1 ரூபாய், மறுபக்கம் ஒரு 5 ரூபாய். "எந்தப் பக்கம் நாணயம் அதிகம்? எந்தப் பக்கம் ரூபாய் அதிகம்?" இரண்டு கேள்விக்கும் வெவ்வேறு பக்கம் கை போனால் முடிச்சு அவிழ்ந்தது.

அடுத்து 10 ரூபாய்: இரண்டு ஐந்து கொடுத்தாலும் ஒன்று, பத்து ஒன்று கொடுத்தாலும் ஒன்று. அதற்கும் பிறகு 2 ரூபாய். 20 ரூபாய் கடைசி. ஒரு வாரத்துக்கு ஒரு புது நாணயத்துக்கு மேல் கொண்டுவராதீர்கள்.

7. பத்தும் ஒன்றும்

இட மதிப்புக்கு 2, 5, 20 மூன்றையும் திரும்ப உள்ளே வைத்துவிடுங்கள். பாயில் 10 ரூபாயும் 1 ரூபாயும் மட்டும். நம் எண் முறை பத்துப் பத்தாகக் கட்டுகிறது. ஐந்தும் இருபதும் இடையில் கிடந்தால் அந்தக் கட்டு தெரியாது.

ஒரு தாளை நடுவில் கோடு கிழித்து இடப்பக்கம் "பத்து", வலப்பக்கம் "ஒன்று" என்று எழுதுங்கள். 23 என்றால் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் மூன்று. எண்ணைத் தாளின் கீழே எழுதட்டும். வலப்பக்கம் பத்து சேர்ந்துவிட்டால் அங்கே நிற்க அனுமதி இல்லை. மாற்றிக்கொண்டு இடப்பக்கம் போக வேண்டும்.

பள்ளியில் எந்த மொழியில் படித்தாலும், இங்கே எண்ணைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். இருபத்து மூன்று: இரு, பத்து, மூன்று. பெயரிலேயே நாணயம் அடுக்கியிருக்கிறது. நாற்பத்தாறு, ஐம்பத்திரண்டு எல்லாம் அப்படித்தான். சொல்லிக்கொண்டே எடுத்துவைக்கலாம்.

ஒரு பொறி உண்டு: தொண்ணூறு. ஒன்பது பத்து என்று காதில் விழாமல் "நூறு" என்று விழுகிறது. எண்பத்தொன்பது வரை சரியாக வந்த பிள்ளை அங்கே திகைக்கும். 10 ரூபாயில் இன்னும் மூன்றைச் சேர்த்து ஒன்பதாக வைத்து, "இதற்குப் பெயர் தொண்ணூறு, இன்னும் நூறாகவில்லை" என்று காட்டுங்கள். பத்தாவது நாணயத்தை வைத்து ஒரு 100 ரூபாய் நோட்டோடு மாற்றும்போது வித்தியாசம் கண்ணெதிரே நிற்கும்.

8. கழித்தல்: கடன் அல்ல, சில்லறை

"பக்கத்தில் கடன் வாங்கு" என்று சொல்லித்தருகிறோம். வாங்கிய கடனை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. "எப்போ திருப்பிக் கொடுக்கணும்?" என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள், அன்றோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். நடப்பது சில்லறை மாற்றுவதுதான்.

32இலிருந்து 15 எடுக்க வேண்டும். பாயில் மூன்று 10 ரூபாய், இரண்டு 1 ரூபாய். ஐந்து ஒன்று எடுக்கப் பார்த்தால் இரண்டுதான் இருக்கிறது. ஒரு 10 ரூபாயை வங்கியிடம் கொடுத்துப் பத்து ஒன்று வாங்கு. இப்போது இரண்டு பத்து, பன்னிரண்டு ஒன்று. எத்தனை ரூபாய்? இன்னும் 32 தான். இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். இங்கேதான் ஆறாம் படி உதவுகிறது. ஐந்தை எடு, ஏழு மிச்சம். ஒரு பத்தை எடு, ஒரு பத்து மிச்சம். 17.

ஐந்தாறு கணக்கு பாயில் முடிந்த பிறகே நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். மேலே 3ஐ அடித்து 2 என்று எழுதுவது, கை செய்த வேலையின் குறிப்பு என்று அப்போது புரியும்.

9. பெருக்கலும் பாதியும்

பன்னிரண்டு நாணயத்தைக் கொடுத்து, குறையில்லாத வரிசைகளாக அடுக்கச் சொல்லுங்கள். 3 வரிசை 4, 2 வரிசை 6 என்று வரும். தாளைத் திருப்பி வைத்தால் 3 நாலும் 4 மூன்றும் ஒன்றே என்பது தெரியும். அடுத்து ஏழு கொடுங்கள். எப்படி அடுக்கினாலும் ஒற்றை வரிசைதான். பகா எண்ணைக் கையால் தொட்டாகிவிட்டது.

50 பைசா கிடைத்தால் இரண்டு எடுத்துவையுங்கள். அது இன்னும் செல்லும் நாணயம்தான். "அரை" என்பதை ரொட்டியைப் பிய்க்காமல் காட்டலாம்.

10. வீட்டுக் கடை

தீப்பெட்டி, எலுமிச்சை, வாழைப்பழம், சோப்பு உறை என்று பத்துப் பொருள். விலைச் சீட்டைப் பிள்ளையே எழுதி ஒட்டட்டும். விலை உண்மையை ஒட்டி இருக்க வேண்டும். தீப்பெட்டி 2 ரூபாய். 2021 டிசம்பர் 1இல்தான் அது 1 ரூபாயிலிருந்து ஏறியது என்று சொன்னால், விலை ஏன் ஏறுகிறது என்று பேச ஒரு வாசல் திறக்கும். ஆனால் முதல் வாரம் எல்லா விலையும் 20 ரூபாய்க்குள்ளேயே இருக்கட்டும்.

முதலில் சரியான தொகையைக் கொடுத்து வாங்கும் கடை. மீதி தரும் கடை பிறகு. இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால், விலையைக் கூட்டிய களைப்பிலேயே பிள்ளை மீதியில் தவறிவிடும்.

மீதிக்குக் கழித்தல் போடச் சொல்லாதீர்கள். கடைக்காரர்கள் செய்வதுபோல் ஏறி எண்ணச் சொல்லுங்கள். பொருள் 13 ரூபாய், கொடுத்தது 20. கையில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே: "பதிமூன்று... பதினாலு, பதினைந்து" என்று இரண்டு ஒரு ரூபாய், "இருபது" என்று ஒரு ஐந்து. வைத்தது ஏழு ரூபாய். மனக்கணக்கில் தடுமாறும் பிள்ளைகளும் இதைச் சரியாகச் செய்கிறார்கள். காரணம், ஏறி எண்ணுவது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை.

அதே 13 ரூபாயை எத்தனை விதமாகக் கொடுக்கலாம் என்று ஒரு மாலை முழுக்கக் கேட்கலாம். "மிகக் குறைந்த நாணயத்தில் கொடு" என்றால் 10, 2, 1. எட்டு வயதுக்கு மேல் இது நல்ல போட்டி.

11. அளவுகோலாக நாணயம்

புதுத் தொடரின் 1 ரூபாய் ஐந்தை ஒட்டி வரிசையாக வைத்தால் சரியாக 10 செ.மீ. புதுத் தொடரின் 5 ரூபாய் நாலை வைத்தாலும் அதே 10 செ.மீ. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, ஏன் சமமாக வந்தது என்று பிள்ளையைத் தேடவிடுங்கள். இடைவெளி விழுந்தால் கணக்குத் தவறும். ஒரு ஸ்கேல் விளிம்பில் அணைத்து அடுக்குங்கள்.

ஒன்பது வயதுக்கு மேல்: 20 ரூபாயைத் தவிர்த்து, வட்டமான நாணயங்களைச் சுற்றி நூலால் அளந்து, அந்த நூலில் எத்தனை குறுக்களவு அடங்கும் என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்த நாணயத்திலும் மூன்றும் கொஞ்சமும் வரும்.

12. தண்ணீர், காந்தம், புளி

இங்கே ஒரே விதி: செய்யும் முன் ஊகத்தை எழுத வேண்டும்.

நாணயத்தின் மேல் இங்க் ஃபில்லரால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஐந்து சொட்டு என்று ஊகித்த பிள்ளை, அதற்கு மேலும் வழியாமல் தண்ணீர் குமிழாக எழும்புவதைப் பார்த்து மலைத்துப்போகும். தண்ணீரின் மேற்பரப்பு தோல்போல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பரப்பு இழுவிசைதான் காரணம். நாணயத்தில் சோப்பைத் தடவிவிட்டுச் செய்தால் சீக்கிரமே வழிந்துவிடும். நாணயத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்; எண்ணெய்க் கை பட்டிருந்தால் முடிவு மாறும்.

காந்தம்: எஃகு 1 ரூபாயும் 2 ரூபாயும் ஒட்டும், பித்தளை நிற 5 ரூபாய் ஒட்டாது. தனி உறையில் பழைய பதினோரு பக்க 2 ரூபாய் இருந்தால் எடுங்கள். அது செம்பும் நிக்கலும் கலந்தது, ஒட்டாது. நிறம் ஒன்றாக இருந்தாலும் உலோகம் வேறு என்று பிள்ளையே சொல்லும்.

புளி: மங்கிய 5 ரூபாயைக் கெட்டியான புளிக்கரைசலில் பாதி மூழ்கும்படி நிறுத்திக் கால் மணி நேரம் கழித்துக் கழுவினால், மூழ்கிய பாதி பளிச்சிடும். புளியின் அமிலம் மேலே படிந்த ஆக்சைடைக் கரைத்துவிடுகிறது. பூசைப் பாத்திரம் புளியில் துலக்குவதும் இதனால்தான்.

ஓட்டை போடுவது, வெட்டுவது, உருக்குவது வேண்டாம். நாணயத்தைச் சிதைப்பதும் உருக்குவதும் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம்.

13. அடிக்கடி பார்க்கும் தவறுகள்

பிள்ளையின் உண்டியலை உடைத்துப் பாடம் நடத்துவது. நான் ஒருமுறை செய்தேன். "அது என்னுது" என்று என் மகள் அழுதாள். இரண்டு வாரம் பெட்டி பக்கமே வரவில்லை. உண்டியல் பிள்ளையுடையது, பெட்டி வீட்டுடையது. இரண்டும் கலக்கக் கூடாது.

சரியான விடைக்கு நாணயத்தையே பரிசாகக் கொடுப்பது. மறுநாள் கணக்கு போகும், பேரம் வரும்.

தவறு வந்ததும் உடனே "இல்ல, தப்பு" என்பது. பத்து நொடி பொறுங்கள். பாதி நேரம் பிள்ளை தானே மறுபடி தள்ளி எண்ணும். பொறுத்தும் வராவிட்டால் "எப்படி எண்ணினாய், காட்டு" என்று கேளுங்கள்.

அரை மணி நேரம் இழுப்பது. ஐந்து வயதுக்குப் பத்து நிமிடம், எட்டு வயதுக்கு இருபது. பிள்ளை இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே மூடிவிடுங்கள்.

போனில் பணம் கட்டுவதை மட்டும் பார்த்து வளரும் பிள்ளைக்கு, பணம் தீரும் என்பதே தெரியாது. வாரம் ஒரு முறையாவது பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது கையால் எண்ணிக் கொடுத்து வாங்குங்கள்.

14. நிஜக் கடைக்குப் போகும் நாள்

வீட்டுக் கடையில் மீதியைப் பிசகாமல் வாங்கத் தெரிந்த பிறகு, தெரிந்த பெட்டிக்கடைக்கு, கூட்டம் இல்லாத நேரத்தில் கூட்டிப் போங்கள். கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, பாப்பாவே கேட்டு வாங்கட்டும், கொஞ்சம் பொறுத்துக்குங்க." நீங்கள் நாலடி தள்ளி நில்லுங்கள். பிள்ளை திரும்பிப் பார்த்தால் தலையாட்டுங்கள், பதில் சொல்லாதீர்கள்.

10 ரூபாய் நாணயத்தை நம் ஊர்களில் சில கடைகள் வாங்க மறுப்பதுண்டு. வடிவமைப்பு பதினான்கு இருந்தாலும் எல்லாம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இலேயே அறிவித்திருக்கிறது. முதல் நாளே பிள்ளையை அந்த வாக்குவாதத்தில் நிறுத்த வேண்டாம். 20 ரூபாயைக் கொடுத்து அனுப்புங்கள்.

வாங்கும் முன் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி: "எவ்வளவு மீதி வரும்?" அதைத் தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். வந்த மீதியை வாசலில் வைத்து எண்ணாமல், கடை முன்னாலேயே எண்ணப் பழக்குங்கள். குறைந்தால் அங்கேயே கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து கணக்கை முடிக்க வேண்டும். என் மகள் முதல் நாள் ஒரு 20 ரூபாயை எடுத்துப் போய் 13 ரூபாய்க்கு வாங்கினாள். 5 ஒன்றும் 2 ஒன்றும் மீதி வந்தது. வீட்டுச் செலவுக்கான பர்ஸிலிருந்து 10, 2, 1 எடுத்துப் பெட்டியில் போட்டேன். அவள் எல்லாவற்றையும் பல்லாங்குழியில் பிரித்து எண்ணி முடித்தாள். பிறகு மூடியின் சீட்டில் 58ஐ அடித்துவிட்டு 62 என்று எழுதினாள். 200ஐத் தொடவில்லை.